மாசி முதல் சித்திரை வரை லாங் ரன்: கொங்கு நாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, சேலம் பக்கம் ஞாயிறு விடிகாலையில் ஓடுபவர்கள், மாசி பிறந்ததும் ஒரே மாதிரியான சந்தேகங்களோடு வருகிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதில்களைத் தொகுத்திருக்கிறோம். நிற்காமல் 8 அல்லது 10 கி.மீ. ஓடப் பழகியவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

1. ஏனுங்க, லாங் ரன்னுன்னா எத்தனை கிலோமீட்டருங்க?

அதற்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது. உங்கள் வாரத்தில் ஆக நீளமான ஓட்டம் எதுவோ அதுதான் உங்கள் லாங் ரன். வாரத்துக்கு 40 கி.மீ. ஓடுபவருக்கு 12 முதல் 14 வரை. 60 ஓடுபவருக்கு 18 முதல் 20 வரை. ஒரே நாளில் வார மொத்தத்தின் பாதியை ஓடிவிட்டு மற்ற நாட்களில் படுத்துக் கிடப்பவர்களுக்குத்தான் குதிகாலும் முழங்காலும் முதலில் மக்கர் செய்கின்றன.

மண் தடமும் மேடும் சேர்ந்த ஓட்டத்துக்கு நேரக் கணக்கே சரி. 75 அல்லது 90 நிமிடத்தில் தொடங்கி, வாரம் 10 முதல் 15 நிமிடம் கூட்டுங்கள். ஒவ்வொரு நான்காவது வாரமும் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். முழு மாரத்தானுக்குத் தயாராகிறவர்களுக்கும் இந்த மாதங்களில் மூன்று மணி நேரம் போதும். அதற்கு மேல் ஓடினால் கிடைக்கும் பலனைவிட, தேறி எழ ஆகும் நாட்கள் அதிகம்.

2. எவ்வளவு மெதுவா ஓடணும்? கூட ஓடறவங்க எல்லாம் முந்திட்டுப் போறாங்களே.

போகட்டும், விடுங்கள். பக்கத்தில் ஓடுபவரிடம் மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்த வேண்டியிருந்தால் அதிகம். 10 கி.மீ.யை ஒரு மணி நேரத்தில் முடிப்பவர், அதாவது கிலோமீட்டருக்கு 6 நிமிடம் எடுப்பவர், லாங் ரன்னில் 7 முதல் 7.30 நிமிடத்தில் போகலாம். தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுவதும், உடல் கொழுப்பை எரித்துச் சக்தி எடுக்கப் பழகுவதும் இந்த வேகத்தில் நன்றாகவே நடக்கும்.

வெயில் காலத்தில் இன்னொன்றும் உண்டு. ஒரே வேகத்தில் ஓடினாலும் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு இதயத் துடிப்பு தானாக ஏறிக்கொண்டே போகும். வியர்வையில் நீர் குறைவதும், உடலைக் குளிர்விக்கத் தோலுக்கு ரத்தம் திருப்பி விடப்படுவதும் காரணம். அப்போது குறைக்க வேண்டியது வேகத்தை. வாட்ச் காட்டும் சராசரியைக் காப்பாற்றுவதற்காகக் கடைசி 5 கி.மீ.யை விரட்டுவதில் ஒரு பயனும் இல்லை.

3. வசந்த காலம்ங்கறாங்க. நம்மூர்ல அப்படி ஒண்ணு இருக்குதுங்களா?

சிவராத்திரியோடு பனி "சிவ சிவா" என்று போய்விடும் என்பார்கள். அங்கிருந்து சித்திரையில் கோடை மழை இறங்கும்வரை உள்ளதுதான் நமக்கு வசந்தம். வேம்பும் புங்கனும் பூக்கும், சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்கும். பகலில் 35 முதல் 37 டிகிரி வரை போனாலும், சமவெளியில் விடிகாலை பெரும்பாலும் 21 முதல் 24 டிகிரிதான். அந்த விடிகாலைதான் நம் ஓட்டக்களம்.

கோயமுத்தூரில் பிப்ரவரி நடுவில் சூரியன் எழுவது சுமார் 6.42க்கு, மார்ச் 20 வாக்கில் 6.28, ஏப்ரல் நடுவில் 6.11. வெளிச்சம் அரை மணி நேரம் முன்னே வருகிறது, வெயிலும் அப்படியே. பிப்ரவரியில் 5.30க்குக் கிளம்பியவர் அதே மணியைப் பிடித்துக்கொண்டு ஏப்ரலிலும் ஓடினால், கடைசி அரை மணி நேரம் வேகிறார்.

4. அப்ப எத்தனை மணிக்குக் கிளம்பணும்? ரோட்டுல ஓடறதா, மண்ணுல ஓடறதா?

இரண்டிலும்தான், ஆனால் வரிசை முக்கியம்: இருட்டில் தார், வெளிச்சத்தில் மண், வெயில் ஏறுமுன் வீடு. மூன்று மணி நேர ஓட்டம் என்றால் மார்ச் மாதத்தில் 5 மணிக்குக் கிளம்புங்கள். 6.20 வரை தெருவிளக்கு உள்ள, நீங்கள் நன்கு அறிந்த தார்ச்சாலை. பொழுது கிளம்பிய பிறகு 7.15 வரை மண் தடம். அதன்பின் புளியமர நிழலுள்ள சாலை வழியாக 8 மணிக்கு வீடு. ஏப்ரலில் எல்லாவற்றையும் 20 நிமிடம் முன்னால் தள்ளுங்கள்.

வழியைத் தலைகீழாக்கி இருட்டில் மண்ணில் ஓடினால் கல், குழி, பாம்பு மூன்றும் தெரியாது. வெளிச்சம் வந்தபின் மண்ணை விட்டுத் தாருக்கு வரும்போது வண்டிப் போக்குவரத்தும் கூடியிருக்கும். மலையடிவாரத்தில் ஓடுபவர்களுக்கு இந்த நேரக்கணக்கு மாறும். கேள்வி 13ஐப் பாருங்கள்.

5. ரோட்டுல எந்தப் பக்கம் ஓடணுமுங்க?

எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, வலது ஓரம். முன்னால் வெள்ளை விளக்கு, முதுகில் மின்னும் சிவப்பு விளக்கு, ஒளி பட்டால் பளிச்சிடும் பட்டை. சாலை வலப்பக்கம் வளையும் இடத்தில் மட்டும், எதிரே வருபவருக்கு நீங்கள் கடைசி நொடியில்தான் தெரிவீர்கள். வளைவுக்கு 50 மீட்டர் முன்பே இருபுறமும் பார்த்து இடது ஓரத்துக்குப் போய், வளைவு கழிந்ததும் திரும்பி வாருங்கள்.

சாலை ஓரம் எப்போதும் சாய்வாக இருக்கும். ஒரே ஓரத்தில் மணிக்கணக்காக ஓடினால் ஒரு கால் மட்டும் தாழ்ந்து, இடுப்பின் ஒரு பக்கம் வலிக்கும். போக்குவரத்தே இல்லாத நேரத்தில் சற்று உள்ளே தள்ளி, சமமான இடத்தில் ஓடுங்கள்.

6. மண் தடம்னா எங்க போறது? எங்க ஊர்ல காடே இல்லைங்ணா.

காடு தேவையில்லை, இட்டேரி போதும். இருபுறமும் கிளுவை வேலி, நடுவில் வண்டித் தடம், கொறங்காட்டுக்கு (மேய்ச்சல் நிலத்துக்கு) நடுவே நீளும் செம்மண்: கொங்கு நாட்டில் ஓடுவதற்கு இதைவிட நல்ல தரை இல்லை. காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கம் இது தாராளம். ஆனால் இட்டேரி சிலது பொதுவழி, சிலது தோட்டத்துக்காரர் விட்ட வழி. முதல் முறை நடந்தே போய், ஆளைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். "ஓடறதுக்குங்க, ஞாயித்துக்கிழமை மட்டும்" என்றால் மறுப்பவர் குறைவு. கட்டுத்தறியில் மாடு இருந்தால் நடந்தே கடங்கள்; மிரண்ட மாடு கயிற்றை அறுத்துவிடும்.

வாய்க்கால் கரைகள் அடுத்த வாய்ப்பு. பவானிசாகரிலிருந்து வரும் கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கி.மீ. நீளம்; 13ஆம் நூற்றாண்டின் காலிங்கராயன் வாய்க்கால் சுமார் 90 கி.மீ.; பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கத்தாருக்குப் பரம்பிக்குளம் ஆழியாறு திட்ட (பி.ஏ.பி.) வாய்க்கால் உண்டு. மேடு பள்ளம் குறைவாக இருப்பதால் வேகத்தைச் சீராக வைக்கலாம். கரை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். போன கரையிலேயே திரும்பி வந்தால் இரு கால்களுக்கும் சாய்வு சமமாகிவிடும். தண்ணீர் ஓடும் நாட்களில் விளிம்பை விட்டு இரண்டு மீட்டர் உள்ளே ஓடுங்கள். நனைந்த கரை காலடியில் சரியும், சரிந்து உள்ளே விழுந்தவர் சரிவான சுவரில் ஏறி வருவது கடினம்.

7. மண்ணுக்குத் தனி ஷூ வாங்கணுமுங்களா?

பாதிக்கு மேல் தாரில் ஓடுவீர்கள் என்றால் வேண்டியதில்லை. மாசி, பங்குனியில் மண் காய்ந்து இறுகிக் கிடக்கும்; சாதாரண ரோடு ஷூ போதும். மலைத் தடத்தில் சரளை, சருகு, வேர் என்று அடிக்கடி போகிறவர்கள் அடியில் 3 முதல் 5 மில்லிமீட்டர் குமிழ் உள்ள ட்ரெயில் ஷூ வாங்கலாம். அதோடு தாரில் நீண்ட தூரம் ஓடினால் குமிழ் சீக்கிரம் தேயும், பாதமும் அலுக்கும்.

ஷூவை மாலை நேரத்தில், ஓடும்போது போடும் அதே சாக்ஸுடன் போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இறக்கத்தில் நகம் கறுப்பதற்குக் காரணம் அந்த இடம் இல்லாததும், நுனி வெட்டாத நகமும்தான். 500 முதல் 800 கி.மீ.க்குள் அடிப்பஞ்சு செத்துவிடும், மேலே பார்க்கப் புதிதாகவே இருந்தாலும்.

8. முந்தின ராத்திரி என்ன சாப்பிடறது? காலைல வெறும் வயித்துல ஓடலாமுங்களா?

ராத்திரிக்கு அரிசிம்பருப்புச் சோறு அருமையான சாப்பாடு. நெய்யைக் கொஞ்சமாக விட்டு, எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். கொள்ளு, முட்டைக்கோஸ், பரோட்டா, கறி விருந்து எல்லாம் ஓட்டம் முடிந்த பிறகு. கொள்ளின் மேல் நமக்குள்ள பாசம் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு, அக்கம்பக்கத்தில் மறைவில்லாத வாய்க்கால் கரையில், வேறு விதமாகத் தெரியும்.

75 நிமிடத்துக்குள் என்றால் வெறும் வயிறு பரவாயில்லை. அதற்கு மேல் போனால் அரை மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழமோ இரண்டு ரொட்டித் துண்டோ, ஒரு டம்ளர் தண்ணீரும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட ஓட்டம் போகவே கூடாது. அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

9. தண்ணி எவ்வளவு குடிக்கணும்? சிலர் நிறையக் குடின்னும் சிலர் வேண்டாம்னும் சொல்றாங்க.

உங்கள் வியர்வையை நீங்களே அளந்தால் தீர்ந்தது. கிளம்புமுன் உடை இல்லாமல் எடை பாருங்கள். திரும்பி வந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர். 62 கிலோ உள்ளவர் இரண்டு மணி நேர ஓட்டத்தில் அரை லிட்டர் குடித்து, 60.8க்கு வந்தார் என்று வைத்துக்கொள்வோம். இழந்தது 1.7 லிட்டர், மணிக்கு 850 மில்லி.

இழந்தது அத்தனையையும் ஓடும்போதே ஈடுகட்ட வேண்டாம். உடல் எடையில் 2 சதவீதம் வரை குறைவது பெரும்பாலோரால் தாங்கக்கூடியது. அதே ஆள் மூன்று மணி நேரம் ஓடினால் சுமார் 2.5 லிட்டர் போகும், 1.3 லிட்டராவது குடித்தால் அந்த எல்லைக்குள் நிற்பார். திரும்பி வரும்போது எடை கூடியிருந்தால் அளவுக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். அதுவும் ஆபத்துதான்: ரத்தத்தில் சோடியம் நீர்த்து, தலைவலி, குமட்டல், குழப்பம், முற்றினால் வலிப்பு வரை போகும். இந்த அளவை மாசியில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை எடுங்கள், இரண்டும் ஒன்றாக இருக்காது.

10. கடையில வாங்கற பவுடர் வேண்டாம்னா வீட்டுலயே எப்படிக் கலக்கறது?

ஓடும்போது குடிக்கும் பானத்துக்கு: ஒரு லிட்டர் தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பு (சுமார் 1.5 கிராம்), நாட்டுச்சர்க்கரை 3 டேபிள்ஸ்பூன் (சுமார் 40 கிராம்), அரை எலுமிச்சம்பழச் சாறு. இதில் சோடியம் சுமார் 600 மில்லிகிராம் இருக்கும். கவுந்தப்பாடிச் சர்க்கரையானாலும் அடியில் மண்ணும் சக்கையும் தங்கும். வெதுவெதுப்பான நீரில் கரைத்து மெல்லிய துணியில் வடிகட்டி ஆறவிடுங்கள். வடிகட்டாமல் ஊற்றினால் பாட்டில் வாய் அடைக்கும். முந்தின இரவே கலந்தால் ஃப்ரிட்ஜில் வையுங்கள், வெளியே வைத்தால் புளித்துவிடும்.

மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். இதிலிருந்து வேறு. உலகச் சுகாதார நிறுவன அளவில் லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், அது வயிற்றுப்போக்குக்கு வகுத்தது. சட்டையில் உப்புக்கோடு படியும் அளவுக்கு வியர்ப்பவர்களுக்கு உதவும், ஆனால் சக்திக்குப் போதாது. பாக்கெட்டை அதில் எழுதியுள்ள அளவு நீரிலேயே முழுதாகக் கரைக்க வேண்டும். ஒரு லிட்டர் பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டினால் குமட்டும்.

11. இளநீர், பதநீர், கம்மங்கூழ் எல்லாம் இருக்கறப்ப இதெல்லாம் எதுக்குங்க?

மூன்றும் நல்லவை, ஓட்டம் முடிந்த பிறகு. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். நீங்கள் வியர்வையில் அதிகம் இழப்பது சோடியத்தை. ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடித்தால் கணக்குச் சரி. பதநீரில் சர்க்கரை செறிவு அதிகம், ஓடும் வயிற்றில் குலுங்கும். கம்மங்கூழும் மோரும் சின்ன வெங்காயமும் ஒன்பது மணிக்கு வெகு பொருத்தம்.

ஓடும்போது சாப்பிட வேண்டியது, ஓட்டம் 90 நிமிடத்தைத் தாண்டினால், மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. பூவன் பழம் ஒன்றில் 15 முதல் 20 கிராம். சிறிய பேரீச்சை இரண்டில் 10 முதல் 12. விரல்கணு அளவு வெல்லத்தில் 10. ஓட்டக்காரர்களுக்கென்று விற்கும் இனிப்புக் கூழான ஜெல் பாக்கெட்டில் 20 முதல் 25. கேள்வி 10இன் பானத்தில் லிட்டருக்கு 40 கிராம் ஏற்கனவே இருப்பதை மறக்க வேண்டாம். 40ஆவது நிமிடத்தில் தொடங்கி அரை மணிக்கு ஒருமுறை எடுங்கள். பசித்த பிறகு என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். கடலை மிட்டாய் மட்டும் வேண்டாம்; காய்ந்த வாயில் மெல்ல முடியாது, மூச்சு வாங்கும்போது புரை ஏறும்.

12. மலையடிவாரத்துக் காட்டுக்குள்ள ஓடலாமுங்களா? அழகா இருக்குதே.

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். ஆனைமலை, சத்தியமங்கலம், முதுமலைப் புலிகள் காப்பகங்களில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்து வரும். இந்த மாதங்கள் காட்டுத்தீ காலமும்கூட. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி மாண்ட பிறகு, மலையேற்றத்துக்கென்றே தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. சருகு காய்ந்த மூங்கில் காட்டில் தீ, ஓடுகிற ஆளைவிட வேகமாக மேட்டில் ஏறும்.

வெள்ளியங்கிரியில் பிப்ரவரி முதல் மே வரை மலையேற விடுகிறார்களே என்பார்கள். அது ஏழு மலை ஏறும் பக்தர்களுக்காக. தடியூன்றி ஏறும் கூட்டத்தில், வழுக்குப் பாறையில் பயிற்சிக்கு இடமில்லை. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுச் சாலை, காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் 70 வளைவுச் சாலை, சென்னிமலையின் 1,320 படியும் மேலே போகும் தார்ச்சாலையும் பொதுவழிகள். ஏற்காட்டில் காபித் தோட்டத்துத் தடங்களில் ஓட எஸ்டேட்காரரைக் கேட்க வேண்டும். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 வளைவும் பொதுச் சாலைதான், ஆனால் இரவில் வண்டிகளுக்கே கட்டுப்பாடு போடும் அளவுக்கு விலங்கு நடமாடும் இடம். சட்டம் தடுக்காவிட்டாலும் அங்கே காலால் ஓட வேண்டாம்.

13. நாங்க இருக்கறதே தடாகம் பக்கம். யானை வந்தா என்ன பண்றது?

மருதமலை, தடாகம், ஆலாந்துறை, நரசீபுரம் போன்ற இடங்களில் கேள்வி 4இன் நேரக்கணக்கை மாற்றுங்கள். தண்ணீருக்கும் வாழைக்கும் இரவில் இறங்கும் யானைகள் விடியும் நேரத்தில்தான் மலைக்குத் திரும்பும். அதனால் முதல் ஒன்றரை மணி நேரத்தை நகரப் பக்கம் ஓடிவிட்டு, நன்றாக வெளுத்த பிறகு, 6.45க்கு மேல் அடிவாரச் சாலைக்கு வாருங்கள். டீக்கடையிலும் பால் சொசைட்டியிலும் "ராத்திரி எறங்குச்சுங்களா?" என்று கேட்பதுதான் அங்கே ஆகச் சரியான தகவல். வனச்சரக அலுவலக எண் கைபேசியில் இருக்கட்டும்.

ஹெட்போன் வேண்டாம். ஆவி பறக்கும் லத்தி (யானைச் சாணம்), அப்போதுதான் ஒடித்துப் போட்ட கிளை, மாட்டுத் தொழுவம் போன்ற கனத்த வாடை, மூங்கில் முறியும் சத்தம்: இதில் ஒன்று தெரிந்தாலும் அங்கேயே திரும்புங்கள். கண்ணால் கண்டுவிட்டால் சத்தம் போடாமல், கல் எறியாமல், வந்த வழியே பின்வாங்குங்கள். யானை துரத்தினால் சமதரையில் உங்களைவிட அது வேகம். படம் எடுக்க நின்ற நொடிகள்தான் பலருக்கு எமனாகியிருக்கின்றன. தோட்டத்து மின்வேலியைத் தாண்டித் தப்பிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள்.

14. யானையை விடுங்க, நாய்க்குத்தான் பயமா இருக்குது.

நியாயமான பயம். ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். ஓடும் காலைத்தான் நாய் துரத்தும். கண்ணோடு கண் பார்க்காமல், அதற்கு முதுகும் காட்டாமல், பக்கவாட்டில் நகருங்கள். குனிந்து கல் எடுப்பதுபோல் பாவனை செய்தாலே தெருநாய் பல விலகிவிடும். தோட்டத்து நாய் விலகாது, அது தன் எல்லையைக் காக்கிறது. அங்கே ஆளைக் கூப்பிடுவதே வழி.

கடித்தாலும், நகம் கீறி ரத்தம் கசிந்தாலும், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசம். ரத்தம் வந்த காயத்துக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் வேண்டியிருக்கும், கேட்டு வாங்குங்கள். முதல் ஊசியோடு நிறுத்திவிடக் கூடாது; சொன்ன நாட்களில் எல்லா ஊசியும் போட்டாக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்ட வேண்டாம்.

15. முள்ளு, கொப்புளம், தொடை உரசல்... இதுக்கு ஏதாவது வழி இருக்குதுங்களா?

வேலிக்காத்தான் முள் ரோடு ஷூவின் அடியைத் துளைத்து வரும். குத்தியதும் நின்று பிடுங்குங்கள், முறிந்து உள்ளே தங்கினால் சீழ் வைக்கும். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று நினைவிருக்கட்டும். கொப்புளத்துக்குக் காரணம் ஈரமும் உரசலும்: பருத்தி சாக்ஸை விட்டு பாலியெஸ்டர் அல்லது நைலான் சாக்ஸுக்கு மாறுங்கள், குதிகாலிலும் விரலிடுக்கிலும் வாசலின் தடவுங்கள். தொடை, அக்குள், ஆண்களுக்கு மார்புக்காம்பு ஆகிய இடங்களிலும் அதுவே. பனியன் ஊரில் இருந்துகொண்டு சொல்வது சங்கடம்தான், ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பருத்தி பனியன் ஆகாது.

16. மலை ரோட்டுல ஏறும்போது நடந்தா அது ஓட்டத்துல சேருமுங்களா?

தாராளமாகச் சேரும். கேள்வி 2இல் சொன்ன பேச்சுச் சோதனையில் தோற்றதும் நடக்கத் தொடங்குங்கள். செங்குத்தான மேட்டில் ஓட்டத்துக்கும் விரைவு நடைக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, செலவாகும் மூச்சில்தான் வித்தியாசம். சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் சேலத்தைவிட 7 அல்லது 8 டிகிரி குளிர்ச்சி. அந்தச் சுகத்தில் வேகம் கூட்டிவிட்டு, இறங்கி வரும்போது அடிவாரத்து வெயிலில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

காலைக் கெடுப்பது இறக்கம்தான். ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது, அதனால் நுண்ணிய கிழிசல் ஏற்படும். வலி உடனே தெரியாது. இரண்டாம் நாள் படிக்கட்டில் இறங்கும்போது தெரியும். முதல் முறை 20 நிமிட இறக்கத்தோடு நிறுத்துங்கள். குறுகிய அடி, வேகமான கால்மாற்றம், முழங்கால் சற்று மடிந்தபடி, பார்வை நான்கைந்து மீட்டர் முன்னால். இரண்டு மூன்று வாரம் கழித்து அதே இறக்கத்தில் வலி பாதிகூட இருக்காது, தசை அதற்குள் பழகியிருக்கும்.

17. வலி மாத்திரை ஒண்ணு போட்டுட்டு ஓடினா என்ன?

வேண்டவே வேண்டாம். நீர் குறைந்த உடலில் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்துக்கு ரத்தம் போவதைக் குறைக்கும். வலி மறைந்துபோவதால் காயம் பெரிதாவதும் தெரியாது. ஒரே புள்ளியில், தொட்டால் சுருக்கென்று, ஓட ஓடக் கூடும் வலி இருந்தால் அன்றைக்கு ஓட்டம் இல்லை. கேள்வி 16இல் சொன்ன தசைவலி இரு தொடையிலும் பரவலாக இருக்கும், நடந்தால் தளரும். நீண்ட இறக்கத்துக்குப் பிறகு சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனை.

18. மயக்கமா வருது, ஆனா வியர்க்குதே, அது ஹீட் ஸ்ட்ரோக் இல்லதானே?

வியர்வை நின்றால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்பது தவறு. ஓடும்போது வருவதில் வியர்த்துக்கொண்டே இருக்கலாம். பார்க்க வேண்டியது மூளையை: பேச்சு குழறுதல், தள்ளாட்டம், எரிச்சல், தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமை. வெறும் தலைச்சுற்றல், சோர்வு, குமட்டல், ஆனால் தெளிவாகப் பேசுகிறார் என்றால் நிழலில் படுக்க வைத்து, காலை உயர்த்தி, உப்புக் கலந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அன்றைய ஓட்டம் அங்கேயே முடிந்தது.

புத்தி தடுமாறினால் ஒருவர் 108ஐ அழைக்க, மற்றவர்கள் உடனே குளிர்விக்க வேண்டும். பக்கத்துப் பம்புசெட்டுத் தொட்டியில் கழுத்துவரை இறக்கி, தலையைத் தாங்கிப் பிடித்துக்கொள்வது ஆகச் சிறந்தது. தொட்டி இல்லையென்றால் உடல் முழுதும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வண்டி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது. வெயிலுக்கு உடல் பழக 10 முதல் 14 நாள் ஆகும். காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களும் குளிர்நாட்டிலிருந்து லீவுக்கு வந்தவர்களும் முதல் ஞாயிறே மூன்று மணி நேரம் கிளம்பக் கூடாது.

19. பொம்பளைங்க தனியா இட்டேரியில ஓடறது சரிப்படுமுங்களா, அக்கா?

தனியாக என்றால் தார்ச்சாலையும் குளக்கரையும் போதும். மண் தடத்துக்கு இருவராவது போங்கள். இது ஆண்களுக்கும் பொருந்தும், கணுக்கால் பிசகினால் தூக்க ஆள் வேண்டுமே. கைபேசியில் லைவ் லொகேஷனை வீட்டாருக்கு அனுப்பி, திரும்பும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். வாரம் தவறாமல் ஒரே வழி, ஒரே நேரம் என்று வைக்காதீர்கள்.

மாதவிடாய் நாட்களில் ஓடக் கூடாது என்று ஒன்றும் இல்லை, உடம்பு சொல்வதைக் கேளுங்கள். ஆனால் சில மாதமாக மாதவிடாயே வராமல் நின்றிருந்தால், ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு போகவில்லை என்று பொருளாக இருக்கலாம். அப்படியானால் எலும்பு முறிவில் கொண்டு விடும், மருத்துவரைப் பாருங்கள். காரணம் தெரியாத சோர்வு நீடித்தால் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டுவது) பரிசோதியுங்கள்.

20. ஊர்ல நோம்பி சாட்டியாச்சு. கம்பம் நட்டா ஊர் தாண்டக் கூடாதும்பாங்க. லாங் ரன் போச்சுங்களா?

போகவில்லை. நோம்பி (கோயில் திருவிழா) நாட்களில் பல ஊர்களில் கட்டுப்பாடு வெளியூரில் இரவு தங்குவதற்குத்தான். உங்கள் ஊர் வழக்கத்தைப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஊர் எல்லைக்குள்ளேயே என்றால் 3 கி.மீ. சுற்று ஒன்றைப் பிடித்து ஐந்தாறு முறை வாருங்கள். வீட்டு வாசல் வழியாகவே ஒவ்வொரு சுற்றும் வருவதால் தண்ணீர் சுமக்க வேண்டியதில்லை, முதல் முறையாக ஜெல் சோதித்துப் பார்க்கவும் இதுவே வசதி. சுற்றும் திசையைப் பாதியில் மாற்றுங்கள், சாலைச் சாய்வுக்காக. ஒருபொழுது இருப்பவர்கள் 60 நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பங்குனி உத்திரத்தை ஒட்டி தாராபுரம், பழனி சாலைகளில் இரவெல்லாம் காவடிக் கூட்டம் நடக்கும். அந்த வாரம் அந்தச் சாலைகளை விட்டு வேறு வழி பாருங்கள்.

21. கோடை மழை பிடிச்சுக்கிட்டா நனைஞ்சுட்டே ஓடலாமா?

மழையில் ஓடலாம், இடியில் கூடாது. சித்திரை மழை பெரும்பாலும் பிற்பகல், மாலையில் இடியோடுதான் வரும். இடிச்சத்தம் காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள். வாய்க்கால் கரை, குளக்கரை, தனிப்பனை, தனித்த புளியமரம் எல்லாவற்றையும் விட்டு கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுங்கள். மறுநாள் காலை செம்மண் காய்ந்ததுபோல் தெரியும். கரிசல் மண் பக்கம் மட்டும் போகாதீர்கள், ஒவ்வொரு ஷூவிலும் ஒரு கிலோ ஒட்டிக்கொள்ளும்.

22. எனக்கு மில்லுல நைட் ஷிப்ட். காலைல ஏழு மணிக்குத்தான் வெளிய வர்றேன். எப்படிங்க ஓடறது?

ஷிப்ட் முடித்த கையோடு லாங் ரன் வேண்டாம். தூக்கமில்லாத உடலுக்குக் களைப்பும் தெரியாது, வெயிலும் உறைக்காது, கேள்வி 18இல் சொன்னது அப்படி ஓடுபவர்களுக்கு முதலில் வரும். வார விடுப்பு நாளுக்கு முந்தைய இரவு தூங்க முடிந்தால் அந்தக் காலைதான் உங்கள் லாங் ரன், அது செவ்வாயாக இருந்தாலும்.

அதுவும் இல்லையென்றால் இரண்டாகப் பிரியுங்கள். விடுப்பு நாள் பகலில் ஐந்தாறு மணி நேரம் தூங்கி எழுந்து, மாலை 6.30க்கு மேல், தார் சூடு தணிந்த பிறகு 60 நிமிடம்; கோயமுத்தூரில் இருப்பவர்களுக்கு ரேஸ்கோர்ஸின் சுமார் 2.5 கி.மீ. சுற்று விளக்கு வெளிச்சத்தோடு கிடைக்கும். இரவு வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்கி, மறுநாள் விடிகாலை 90 நிமிடம். களைத்த காலோடு தொடங்கும் அந்த 90 நிமிடம், இரண்டரை மணி நேர ஓட்டத்தின் கடைசிப் பகுதிக்கு நெருங்கி வரும். வேகம் பார்க்காதீர்கள். மாலை ஓட்டத்தில் இழந்த நீரைப் படுக்குமுன் உப்போடு ஈடுகட்டியிருந்தால் மட்டுமே காலையில் கிளம்புங்கள். எழுந்ததும் சிறுநீர் கடும் மஞ்சளாக இருந்தால் அதை 40 நிமிடமாகக் குறைத்துவிடுங்கள்.